உயர்த்திய லேண்ட் க்ரூஸர் 79-க்கு எவ்வளவு நீளமான ஷாக் அப்சார்பர் பொருந்தும்?

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 79 பிக்கப்பை வாங்குபவர்களில் பலர், அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் நெடுநாள் வைத்திருப்பதில்லை. முன்பக்கம் புல் பாரும் வின்ச்சும், பின்பக்கம் சாமான் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கூடுதல் டீசல் டேங்கும் ஏறிய பிறகு வண்டி தாழ்ந்துவிடும். அதைச் சரிசெய்யவும் பெரிய டயருக்கு இடம் விடவும் 50 மி.மீ. உயரம் தரும் தடிமனான ஸ்பிரிங்குகளைப் போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. ஸ்பிரிங் எது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வருகிறது: பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்ளலாமா, பிராக்கெட் வைத்து அதைத் தாழ்த்திப் பொருத்தலாமா, உயரத்துக்கு ஏற்றபடி சற்று நீளமானதை வாங்கலாமா, அல்லது இன்னும் ஒரு படி மேலே போய் மிக நீளமானதைப் பொருத்தலாமா?

1999-இல் வந்த 79 வரிசைக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டான ஆக்சில். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் இரண்டு முனைகளிலும் தனியாக நிற்கிறது, ஸ்பிரிங்கோடு ஒரே உருப்படியாகச் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே ஸ்பிரிங்கைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றலாம், ஷாக்கைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். தவறான ஜோடி சேர்வதற்கு வழி திறப்பதும் இந்த வசதிதான். நீளமான ஷாக் வண்டியை உயர்த்திவிடும் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்துவது ஸ்பிரிங். ஷாக் செய்வது அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே.

வாங்குபவர் பெரும்பாலும் கேட்பது, ஷாக் முழுவதும் விரிந்தால் எவ்வளவு நீளம் என்பதை. ஆனால் வண்டியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அது முழுவதும் சுருங்கும்போது எவ்வளவு நீளம் என்பதே. சாதாரண ஷாக்கில் உள்ளே போய் வரும் தண்டு எவ்வளவோ, அவ்வளவுக்கு உடலும் நீளமாக இருந்தாக வேண்டும். எனவே தண்டு போய் வரும் தூரத்தை, அதாவது அசைவை, 50 மி.மீ. கூட்டினால் சுருங்கிய நீளம் 50 மி.மீ. கூடும், விரிந்த நீளம் 100 மி.மீ. கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் நான்கு வழிகளையும் ஒரே தாளில் ஒப்பிடலாம். கணக்குக்காக, தொழிற்சாலை ஷாக்கின் சுருங்கிய நீளம் 340 மி.மீ., விரிந்த நீளம் 560 மி.மீ., வண்டி சமதரையில் நிற்கும்போது 460 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரம் மேலே ஏற 120 மி.மீ., கீழே தொங்க 100 மி.மீ. இருக்கிறது. வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் நிற்கும் நீளம் 510 ஆகிறது.

பழைய ஷாக்கை அப்படியே விட்டால் மேலே ஏறும் இடம் 170 மி.மீ. ஆகவும், கீழே தொங்கும் இடம் 50 மி.மீ. ஆகவும் மாறும். செலவில்லாத வழி இது. ஷாக் அடிவாங்கிச் சுருங்கி நசுங்கும் அபாயமும் இல்லை, ஏனென்றால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதை ஓர் எல்லையில் நிறுத்தும் ரப்பர் கட்டை) இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் முழுதாக விரிந்து, ஆக்சிலின் எடையைத் தன் தண்டிலும், மேல் முனையைப் பொருத்தும் ரப்பர் வளையமான புஷ்ஷிலும் தாங்கிப் பிடிக்கிறது. சில மாதங்களில் அந்த ரப்பர் புஷ் முட்டை வடிவத்துக்குப் போயிருப்பதைக் கழற்றிப் பார்த்தால் காணலாம். ஒவ்வொரு குழிக்கும் அடியிலிருந்து வரும் 'டக்' என்ற சத்தத்துக்குக் காரணமும் அதுதான். இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. கடினமான புதிய ஸ்பிரிங் அதிக வேகத்தில் எகிறித் திரும்புகிறது. மென்மையான பழைய ஸ்பிரிங்குக்காக அமைத்த வால்வு, அதாவது ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு, அந்த எகிறலை அடக்கப் போதாது. சாமான் ஏற்றிய வண்டி ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை தலையாட்டுவது இதனால்தான்.

சட்டமும் இந்த வழிக்கு எதிராக நிற்கிறது. வாகன மாற்றங்களுக்கான ஆஸ்திரேலியாவின் தேசிய நடைமுறைக் கோவையான விஎஸ்பி 14, சஸ்பென்ஷனின் அசல் அசைவில் மூன்றில் இரண்டு பங்காவது மேலும் கீழும் தனித்தனியே எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மேலே எடுத்துக்கொண்ட எண்களில் 100 மி.மீ. தொங்கலுக்கு 67 மி.மீ. ஆவது மீதமிருக்க வேண்டும், இருப்பதோ 50. உயரத்தை மட்டும் அளந்து, சட்ட எல்லைக்குள் இருக்கிறோம் என்று நம்புகிறவர்கள் இந்த விதியைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது வழி பிராக்கெட். ஷாக்கின் ஒரு முனையில் 50 மி.மீ. நீட்டும் இரும்புத் துண்டை வைத்தால் சுருங்கிய நீளம் 390 என்றும் விரிந்த நீளம் 610 என்றும் ஆனதற்குச் சமம். மேலே 120, கீழே 100 என்ற பழைய கணக்கு அப்படியே திரும்பிவிடுகிறது. தாளில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பம்ப் ஸ்டாப்பையும் அதே 50 மி.மீ. தாழ்த்தாவிட்டால், ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் அடித்தட்டில் மோதி, பிராக்கெட்டையோ தண்டையோ வளைத்துவிடும். தவிர, நேராக இழுவிசை தாங்கும்படி அமைத்த போல்ட்டுக்கு அந்த நீட்டல் ஒரு நெம்புகோலாகிறது. வேகமான மண்சாலையில் நாள் முழுவதும் அந்த நெம்புகோலை ஆட்டிக்கொண்டே இருந்தால் எங்கே விரிசல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. பண்ணைக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு இது போதும். நெடும்பயணம் போகும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சமாகும் பணம் மிகக் குறைவு, வால்வுப் பொருத்தமின்மையும் அப்படியே தொடர்கிறது.

மூன்றாவது, உயர்த்தும் ஸ்பிரிங்கோடு சேர்த்து அதே நிறுவனம் விற்கும் ஷாக். 40 முதல் 50 மி.மீ. உயரத்துக்கான இந்த ஷாக்குகள் வழக்கமாக அசைவைச் சிறிதளவே கூட்டுகின்றன. நம் கணக்கில் 30 மி.மீ. கூடுவதாகக் கொண்டால் சுருங்கிய நீளம் 370, விரிந்த நீளம் 620. மேலே 140, கீழே 110. இரு பக்கமும் அசலைவிடச் சற்றுக் கூடுதல். பம்ப் ஸ்டாப்பை 30 மி.மீ. தாழ்த்த வேண்டியிருக்கும், ஆனால் அதற்குரிய ரப்பர் கட்டையோ ஸ்பேசரோ கடையில் எளிதாகக் கிடைக்கும். பிரேக் ஹோஸ் பல நேரம் அப்படியே போதும், ஆனாலும் அளந்து பார்த்துவிட்டே நம்ப வேண்டும். வால்வு அந்த ஸ்பிரிங்கின் கடினத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பது இந்த வழியின் உண்மையான மதிப்பு. நீளம் அதற்கு அடுத்ததுதான்.

நான்காவது வழியில் ஆசை அதிகம். அசைவை 70 மி.மீ. கூட்டிய ஷாக் ஒன்றை எடுத்துக்கொண்டால் சுருங்கிய நீளம் 410, விரிந்த நீளம் 700. கீழே தொங்க 190 மி.மீ. கிடைக்கிறது, ஆனால் மேலே ஏற 100 மட்டுமே. பாறைப் படியில் ஒரு சக்கரம் ஆழத்துக்கு இறங்கி நிற்கும் புகைப்படம் இந்த வழியில்தான் வரும். ஆனால் ஸ்பிரிங் அவ்வளவு தூரம் கீழே வருமா என்று யாரும் ஸ்பிரிங்கைக் கேட்பதில்லை. ஒரு முன்சக்கரத்தின் மேல் 640 கிலோ எடையும், ஸ்பிரிங்கின் கடினம் ஒரு மி.மீ.க்கு 5.2 கிலோவும் என்றால், வண்டி நிற்கும்போது அந்த ஸ்பிரிங் 123 மி.மீ. அமுங்கியிருக்கிறது. சக்கரம் 123 மி.மீ. கீழே போனதும் அதில் அழுத்தமே இல்லை. மீதி 67 மி.மீ. தூரத்துக்கு ஆக்சில் தன் சொந்த எடையில் தொங்குகிறது. தரையைப் பிடிக்கும் விசை அந்தச் சக்கரத்தில் பெயருக்குத்தான் இருக்கும். அது மட்டுமன்று, தளர்ந்த காயில் தன் இருக்கையிலிருந்து நகர்ந்துவிட்டால், சக்கரம் திரும்ப ஏறும்போது கோணலாக உட்காரும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கட்டிவைக்கும் பிடிப்பு, அல்லது ஆக்சிலைக் குறிப்பிட்ட ஆழத்தில் நிறுத்தும் நைலான் பட்டை தேவைப்படுகிறது. பட்டை போட்டு 125 மி.மீ.யில் நிறுத்தப்போகிறோம் என்றால் 190-க்கு வாங்கியது எதற்கு?

முன்பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு. 79-இன் முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைத்துப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகளான ரேடியஸ் ஆர்ம்களும், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது ஆக்சிலை முறுக்கப் பார்க்கின்றன. அந்த முறுக்கத்தை அவற்றின் புஷ்கள் மட்டுமே விட்டுக்கொடுக்க வேண்டும். நேராக இரு சக்கரமும் தொங்கும்போது ஜாக்கியில் அளந்த தொங்கல், குறுக்காக முறுக்கும்போது முழுதாகக் கிடைக்காது.

பின்பக்கம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நிரந்தரமாக 400, 500 கிலோ சுமப்பதற்கென்று வாங்கிய லீஃப் ஸ்பிரிங், சுமையில்லாத நாளில் ஏறத்தாழ தன் முழு வளைவில்தான் நிற்கும். ஜாக்கி போட்டு சேசிஸைத் தூக்கினால் ஆக்சில் சிறிதளவே கீழே இறங்கும். அந்த வண்டிக்கு எவ்வளவு நீளமான ஷாக்கைப் போட்டாலும் கடைசிப் பகுதியைத் தண்டு எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் சுமை ஏற்றியதும் சுருங்கும் பக்கத்தில் இடம் குறையும், அங்கே நீளமான உடல் முட்டும். சுமை வண்டியின் பின்பக்கத்துக்கு மிக நீளமான ஷாக்கை வாங்குவது, கிடைக்காத ஒன்றுக்காக இருப்பதைக் கொடுப்பது.

நீளத்தோடு பிணைந்த இன்னொரு தேர்வு, ஷாக்கின் உள்ளமைப்பு. இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெய் உள்குழாயில் வேலை செய்து, வெளிக்குழாய்க்குப் போய் வருகிறது. வெளிக்குழாயில் கல்பட்டுச் சிறு பள்ளம் விழுந்தாலும் பிஸ்டன் ஓடும் சுவர் தப்பும். ஆனால் சூடு வெளியேற இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும். வேகமாக ஆடும்போது எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்தால் தடுப்பு விசை குறைந்துவிடும். இந்த நுரையைத் தவிர்க்கத்தான் சில ஆஸ்திரேலிய நிறுவனங்கள் வெளிக்குழாயில் வாயுவுக்குப் பதில் ஃபோம் திணிக்கின்றன. ஒற்றைக் குழாய் ஷாக்கில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரித்துவைக்கிறது. சூடு ஒரே சுவர் வழியாக நேரே காற்றுக்குப் போகிறது, நுரையும் எழாது. ஆனால் அந்த மிதக்கும் பிஸ்டனுக்கும் நைட்ரஜனுக்கும் உடலுக்குள்ளேயே இடம் வேண்டும். அதனால் அதே அசைவுக்கு ஒற்றைக் குழாய் ஷாக்கின் சுருங்கிய நீளம் கூடுதலாக இருக்கும், அதாவது நாம் இவ்வளவு நேரம் அஞ்சிய அதே எண் பெரிதாகும். நைட்ரஜன் பகுதியைத் தனிக் குப்பியாக வெளியே எடுத்துவைக்கும் வகையில் இந்தச் சிக்கல் தீர்கிறது. ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு வரிசையில் பிபி-51 அப்படிப்பட்டது. விலை சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கைவிடப் பல மடங்கு.

எது தேவை என்பதை ஓடும் பாதை தீர்மானிக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் ரோடு போன்ற பாதையில், வரிவரியாக மேடு விழுந்த மண்தரை மணிக்கணக்கில் ஷாக்கைச் சிறிய, வேகமான அசைவில் வைத்திருக்கும். அங்கே 20, 30 மி.மீ. அசைவுதான் ஓயாமல் நடக்கிறது; 190 மி.மீ. தொங்கல் ஒருபோதும் பயன்படாது. வண்டியை நிறுத்தி ஷாக்கின் உடலருகே கையைக் கொண்டுபோனாலே வெப்பம் அடிக்கும். அந்தப் பயணத்துக்கு, நீளத்துக்குச் செலவிட நினைத்த பணத்தைத் தடிமனான உடலுக்கும் அதிக எண்ணெய்க் கொள்ளளவுக்கும் செலவிடுவதே அறிவு. டயர் காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைத்தால் சூடு ஓரளவு அங்கேயே தணிந்துவிடும், அதற்குக் காசும் இல்லை. சிம்ப்சன் பாலைவனத்து மணல்மேடுகளிலும் தொங்கலைவிட, மேட்டின் மறுபக்கம் விழும்போது மேலே ஏறும் இடமே முக்கியம். நீர் அரித்த பள்ளங்களும் பாறைப் படிகளும் நிறைந்த விக்டோரியா மலைப்பகுதிப் பாதைகளில்தான் நீளமான ஷாக் தன் விலைக்குப் பதில் சொல்லும். அங்கேயும் மென்மையான ஸ்பிரிங், குறைந்த சுமை, துண்டிக்கக்கூடிய ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஆகிய மூன்றும் கூட இருந்தால்தான்.

மேலே ஏறும் இடத்தை இழக்காமல் மிக நீளமான ஷாக்கைப் போட ஒரே நேர்மையான வழி, ஷாக்கின் மேல் முனை பொருந்தும் இடமான மேல் மவுண்டையே உயர்த்தி வெல்டிங் செய்வது. பின்பக்கத் தட்டின் தரையைத் துளைத்தோ, முன்பக்கம் சக்கர வளைவுக்குள் புதிய கோபுரம் கட்டியோ செய்வார்கள். சேசிஸில் வெல்டிங் என்பதால் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று இல்லாமல் இதைத் தொடக்கூடாது. உயரம் கிடைக்காத இடத்தில் சிலர் ஷாக்கை அதிகம் சாய்த்துப் பொருத்தி நீளத்தை அடக்குகிறார்கள். சாய்ந்த ஷாக் சக்கரத்தைவிடக் குறைவாக அசைகிறது, அது தரும் விசையிலும் ஒரு பகுதிதான் செங்குத்தாக வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்து செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் கால் பங்கு தடுப்பும், 45 பாகை சாய்வில் பாதித் தடுப்பும் போய்விடுகிறது. நீளத்துக்காகக் கொடுத்த விலை இதுவென்று பில்லில் எழுதியிருக்காது.

எந்த வழியானாலும் அளவெடுக்காமல் வாங்கக்கூடாது. சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஷாக்குகளைக் கழற்றி, காயிலையும் எடுத்துவிட்டு, ஆக்சிலின் ஒரு முனையை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை ஏற்றி மறுமுனையைத் தொங்கவிட்டு, மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். வாங்கும் ஷாக்கின் சுருங்கிய நீளம் அந்தக் குறைந்த அளவைவிடக் குறைந்தது 10 முதல் 15 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேகத்தில் ரப்பர் ஜாக்கியில் அமுங்கியதைவிட அதிகம் அமுங்கும். தொங்கும் பக்கத்தில் எது முதலில் விறைக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்சில் பிரீதர் குழாய், ஸ்வே பார் இணைப்பு, புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். இவற்றில் முதலில் விறைப்பதற்கு முன்பே ஷாக் நின்றுவிட வேண்டும், அல்லது பட்டை நிறுத்த வேண்டும்.

உயர்த்தியதன் பக்கவிளைவுகளை ஷாக் தீர்க்காது என்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். ரேடியஸ் ஆர்ம் சாய்வதால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறையும். ஓர் அங்குல உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை என்பது பட்டறைக் கணக்கு. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலைந்தால் அதற்குத் திருத்தும் புஷ் அல்லது தகடு வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பான்ஹார்ட் ராடு முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளியிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு அதைச் சரிசெய்யும். பல மாநிலங்களில் சஸ்பென்ஷனால் 50 மி.மீ., டயரால் 25 மி.மீ. என்ற அளவுவரை சான்று இல்லாமல் செல்லலாம் என்றாலும், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. அதைத் தாண்டினால் பொறியாளர், சோதனை, சான்று என்று செலவு ஷாக்கின் விலையை மிஞ்சும். சான்றில்லாமல் ஓட்டினால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனத்துக்குக் கை விரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், சுமை ஏற்றி நெடுந்தூரம் போகும் 79-க்கு மூன்றாவது வழியே என் தேர்வு: ஸ்பிரிங்கின் கடினத்துக்குப் பொருத்தமான வால்வு, மிதமான கூடுதல் நீளம், அளந்து தாழ்த்திய பம்ப் ஸ்டாப். மலைப்பாதைக்கு மட்டுமே வைத்திருக்கும் இலகுவான வண்டிக்கு நான்காவதை யோசிக்கலாம், முன்பக்கத்துக்கு மட்டும் என்றாலும் தவறில்லை.

பொருத்தும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும். தண்டு வெளியே தெரியும் ஷாக் என்றால் அதில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி உடலோடு ஒட்டி நிறுத்திவிட்டு, வழக்கமான சுமையோடு வழக்கமான பாதையில் ஓட்டிவர வேண்டும். டை எந்த இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறதோ, அங்கிருந்து தண்டின் மறுமுனைவரை மீதமிருப்பதுதான் உங்கள் ஷாக் இன்னும் பயன்படுத்தாத இடம். அது 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் பம்ப் ஸ்டாப்புக்கு இன்னொரு ஸ்பேசர் போட வேண்டும்.